கையை மட்டும் காட்டிய மனுஷன்: மிஷன் இம்பாசிபிள் டிவி தொடர் உருவான கதை

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

போன எபிசோடுக்குக் கீழே நிறைய பேர் "பழைய டிவி தொடர் ஒண்ணு எடுத்துப் பேசுங்க"ன்னு கேட்டிருந்தீங்க. சரி, இன்னைக்கு ஒரு தாளத்தில் இருந்து ஆரம்பிக்கலாம். மேசையில் விரலால் தட்டிக்கிட்டே சொல்லிப் பாருங்க: தகிட, தகிட, தக, தக. மறுபடியும். தகிட, தகிட, தக, தக. கொஞ்சம் வேகம் கூட்டுங்க. நாலாவது சுற்றுக்குள் உங்கள் மண்டைக்குள் ஒரு டியூன் ஓட ஆரம்பித்திருக்கும். டாம் குரூஸ் கட்டடத்தில் இருந்து குதிக்கிற காட்சியும் கூடவே வந்திருக்கும்.

ஆனால் அந்த டியூன் டாம் குரூஸுக்காகப் போட்டது இல்லை. அது வந்தபோது அவருக்கு வயது நாலு. 1966 செப்டம்பர் 17-ம் தேதி அமெரிக்காவில் சிபிஎஸ் சேனலில் ஒளிபரப்பாகத் தொடங்கிய மிஷன் இம்பாசிபிள் என்கிற டிவி தொடருக்காகப் போட்டது. ஏழு சீசன், 171 எபிசோட், 1973 வரை ஓடியது.

இந்தத் தொடரை எப்படி எடுத்தார்கள் என்பதுதான் இன்றைய கதை. அதோடு இன்னொரு கேள்வியும் இருக்கிறது. வாராவாரம் ஒரு குட்டி சினிமா தரத்தில் டிவி தொடர் எடுத்தால், அந்தத் தரத்துக்கான விலையை யாராவது கொடுத்தே ஆக வேண்டும். இங்கே யார் யார் கொடுத்தார்கள்? கடைசியில் அந்தக் கணக்கைப் பார்க்கலாம்.

ஒரு கயிறு, ஒரு குத்துவாள்

தொடரை உருவாக்கியவர் ப்ரூஸ் கெல்லர். அதற்கு முன்னால் ராஹைட் என்கிற கவ்பாய் தொடரில் தயாரிப்பாளராக இருந்தவர். கிளின்ட் ஈஸ்ட்வுட்டை அமெரிக்கக் குடும்பங்களுக்கு அறிமுகப்படுத்திய தொடர் அது.

1964-ல் டாப்காப்பி என்று ஒரு படம் வந்தது. இயக்குநர் ஜூல்ஸ் டாசின். இஸ்தான்புல் அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிற ரத்தினம் பதித்த குத்துவாளை ஒரு கும்பல் திருடுகிற கதை. தரையைத் தொட்டால் அலாரம் அடிக்கும் என்பதால், கூரையில் இருந்து கயிற்றில் ஒருவரைத் தலைகீழாக இறக்குவார்கள். 1996 படத்தில் டாம் குரூஸ் வெள்ளை அறைக்குள் கம்பியில் தொங்குவாரே, அதற்குத் தாத்தா இந்தக் காட்சிதான்.

இந்தப் படம்தான் கெல்லருக்குப் பொறி. அவருக்குப் பிடித்தது திருட்டு இல்லை, அது நடந்த விதம். ஆளுக்கு ஒரு திறமை, ஆளுக்கு ஒரு வேலை. ஒருவர் சொதப்பினால் எல்லாரும் காலி. யாரும் அதிகம் பேசுவதில்லை. இதையே அரசாங்கத்துக்காக ரகசியமாகச் செய்கிற ஒரு குழு இருந்தால்? முதலில் அவர் வைத்த தலைப்பு 'பிரிக்ஸ் ஸ்குவாட்'. பிரிக்ஸ் என்பது அந்தக் குழுவின் தலைவர் பெயர்.

அந்தக் காலம் ஜேம்ஸ் பாண்ட் அலை. டிவியில் எங்கே திரும்பினாலும் உளவாளி. எல்லாத் தொடரிலும் ஹீரோ ஒருவரோ இருவரோ இருப்பார்கள், ஜோக் அடிப்பார்கள், காதலிப்பார்கள். கெல்லர் நேர் எதிராகப் போனார். அவருடைய ஆட்களுக்கு வீடு, குடும்பம், பழைய காதல், சோகம் எதுவுமே கிடையாது. அவர்கள் யார் என்பது முக்கியமில்லை, என்ன செய்கிறார்கள் என்பதுதான் கதை. இதை அவர் விதியாகவே வைத்திருந்தார்.

போர்டு வேண்டாம் என்றது, லூசில் பால் சரி என்றார்

கெல்லரின் ஐடியாவை எடுத்துக்கொண்ட ஸ்டூடியோ டெசிலு. ஐ லவ் லூசி தொடரில் நாட்டையே சிரிக்க வைத்த லூசில் பாலும் அவர் கணவர் டெசி ஆர்னாஸும் சேர்ந்து ஆரம்பித்த கம்பெனி. இரண்டு பேர் பெயரையும் ஒட்டினால் டெசிலு. விவாகரத்துக்குப் பிறகு, 1962-ல், கணவரின் பங்கை லூசில் பால் விலைக்கு வாங்கிவிட்டார். ஹாலிவுட்டில் ஒரு பெரிய ஸ்டூடியோவை ஒரு பெண் தலைமை தாங்கி நடத்துவது அன்றைக்கு அபூர்வம்.

ஆனால் உள்ளே நிலைமை சுமார்தான். படப்பிடிப்புத் தளங்களை மற்றவர்களுக்கு வாடகைக்கு விட்டு ஓடிக்கொண்டிருந்த கம்பெனி அது. சொந்தத் தயாரிப்பு என்று சொல்லிக்கொள்ள அவருடைய லூசி ஷோ மட்டும்தான் இருந்தது. புதுசாக ஏதாவது செய்தே ஆக வேண்டும்.

அப்போது மேசைக்கு வந்தவை இரண்டு திட்டங்கள். ஒன்று விண்வெளிக் கப்பல் கதை. இன்னொன்று கெல்லரின் உளவுக் கதை. இரண்டுமே செலவு பிடிக்கிறவை. டைரக்டர்கள் போர்டுக்கு விருப்பமில்லை. லூசில் பால் போர்டை மீறிச் சரி என்று சொன்னார். முதலாவது ஸ்டார் ட்ரெக். 1966 செப்டம்பர் 8-ம் தேதி என்பிசியில் வந்தது. ஒன்பது நாள் கழித்து சிபிஎஸ்ஸில் மிஷன் இம்பாசிபிள்.

கொஞ்சம் நின்று யோசிச்சுப் பாருங்க. இன்றைக்கும் பணம் கொட்டுகிற இரண்டு பெரிய பிராண்டுகள், ஒரே ஆண்டு, ஒரே ஸ்டூடியோ, ஒரே நபரின் ஒப்புதல். அந்த நபர் ஒரு காமெடி நடிகை. அதிகம் பேசப்படாத விஷயம் இது.

எபிசோட் ஒரு எந்திரம்

தொடரைப் பார்க்காதவர்களுக்காக அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். முதலில் குழுத் தலைவர் ஏதாவது ஒரு சாதாரண இடத்துக்குப் போவார். அங்கே மறைத்து வைத்த ஒரு டேப் ரெக்கார்டரும் சில போட்டோக்களும் இருக்கும். குரல் மட்டும் வரும்: பிரச்சினை இது, நீங்கள் ஏற்றுக்கொண்டால் செய்ய வேண்டியது இது, மாட்டிக்கொண்டால் எங்களுக்கு உங்களைத் தெரியாது. பிறகு டேப் புகைந்து அழிந்துவிடும். பைலட் எபிசோடில் டேப்கூட இல்லை, ஒரு இசைத்தட்டு. உறையைப் பிரித்த ஒரு நிமிடத்தில் காற்றுப் பட்டுக் கரைந்துபோகிற மாதிரி வைத்தார்கள். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் பாப் ஜான்சன். முகமும் காட்டவில்லை, பெயரும் போடவில்லை.

அடுத்து தலைவர் வீட்டில் உட்கார்ந்து கோப்பில் இருந்து ஆட்களைத் தேர்ந்தெடுப்பார். அதற்கு அடுத்து ஒரு ஹாலில் எல்லாரும் கூடி ஒத்திகை பார்ப்பார்கள். அதற்குப் பிறகு முழுக்க ஆக்‌ஷன்.

என்னை ரொம்பக் கவர்ந்தது அந்த ஒத்திகைக் காட்சிதான். அதில் திட்டத்தைச் சொல்ல மாட்டார்கள். திட்டத்தின் துண்டுகளை மட்டும் காட்டுவார்கள். ஒருவர் ஒரு சின்ன மோட்டாரை ஓட்டிக் காட்டுவார். இன்னொருவர் யாருடைய கையெழுத்தையோ போட்டுப் பார்ப்பார். "இதற்கு எத்தனை நிமிடம்?" "நாலு." அவ்வளவுதான். நம்ம ஊர் பாஷையில் சொன்னால், மாட்யூல்களைத் தனித்தனியாக டெமோ காட்டிவிட்டு, அவை எப்படி ஒன்றோடொன்று இணைகின்றன என்பதை மட்டும் மறைத்துவிடுகிறார்கள். பார்க்கிறவர் மீதி ஐம்பது நிமிடமும் அதைத் தானே மனதில் பொருத்திக்கொண்டு இருப்பார். சேனலை மாற்றத் தோன்றாது.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. திட்டம் நமக்கு முழுசாகத் தெரியாததால், எது திட்டப்படி நடக்கிறது, எது தப்பிப் போகிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. குழுவில் ஒருவர் போலீஸில் மாட்டிக்கொள்கிறார். விளம்பர இடைவேளை. நாம் பதறுகிறோம். திரும்பி வந்தால், மாட்டிக்கொண்டதே திட்டத்தின் ஒரு பகுதி. ஆனால் அடுத்த வாரம் நிஜமாகவே மாட்டிக்கொள்வார். இந்த இரண்டையும் கலந்து கலந்து கொடுத்ததால்தான் ஒரே அமைப்பை அத்தனை ஆண்டு ஓட்ட முடிந்தது.

இப்படி எழுதுவது லேசு இல்லை. வில்லியம் ரீட் வுட்ஃபீல்ட், ஆலன் பால்ட்டர் என்கிற ஜோடி இதில் கில்லாடிகள். வுட்ஃபீல்டுக்கு மந்திர வித்தைகளில் ஆழ்ந்த ஈடுபாடு. மந்திரவாதியின் அடிப்படை விதி என்ன? எந்தக் கையைப் பார்க்க வேண்டும் என்று அவர் முடிவு செய்வார், நாம் இல்லை. அதைத்தான் திரைக்கதையாக்கினார்கள்.

வில்லனுக்காக எடுக்கிற சினிமா

முதல் சீசனில் தி ட்ரெயின் என்று ஒரு எபிசோட். ஒரு நாட்டின் பிரதமர் உடல்நலம் மோசமான நிலையில் ரயிலில் போகிறார். கூடவே அடுத்து ஆட்சிக்கு வரப்போகிறவர். அவர் உள்ளுக்குள் சர்வாதிகாரி, ஆனால் பிரதமர் அவரை நம்புகிறார். நம் குழு என்ன செய்கிறது? ரயில் பெட்டியை ஒரு கொட்டகைக்குள் கொண்டுபோய் நிறுத்தி, ஜன்னலுக்கு வெளியே திரையில் இயற்கைக் காட்சியை ஓடவிட்டு, பெட்டியைக் குலுக்கி, சத்தம் கொடுத்து, உள்ளே இருக்கிறவர்கள் ரயில் ஓடுவதாகவே நம்புகிற மாதிரி செய்துவிடுகிறது.

அந்தக் காலத்தில் ஹாலிவுட்டில் ரயில் காட்சி எடுத்ததே இப்படித்தான்! ஸ்டூடியோவுக்குள் பெட்டி செட், பின்னால் திரையில் ஓடும் காட்சி, நாலு பேர் செட்டைப் பிடித்து ஆட்டுவார்கள். அதாவது டெசிலு ஊழியர்கள் தினமும் செய்கிற வேலையையே கதைக்குள் கொண்டுவந்து, அதற்கு உளவு வேலை என்று பெயர் வைத்தார்கள்.

ஆபரேஷன் ரோகோஷ் எபிசோடிலும் இதேதான். லாஸ் ஏஞ்சல்ஸைத் தாக்கத் திட்டம் போட்ட ஓர் ஆள் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான். அவனை மயக்கமாக்கி, எழும்போது மூன்று ஆண்டுகள் கழிந்துவிட்டன, தன் நாட்டுச் சிறையிலேயே கிடக்கிறோம் என்று நம்ப வைக்கிறார்கள். சிறையே ஒரு செட்.

இப்போது அந்தக் குழுவை மறுபடி பாருங்க. தலைவர்தான் இயக்குநர். மார்ட்டின் லேண்டாவ் நடித்த ரோலின் ஹேண்ட், வேஷம் போடுகிற நடிகர். பார்பரா பெய்ன் நடித்த சின்னமன் கார்ட்டர், நடிகை. கிரெக் மோரிஸ் நடித்த பார்னி கோலியர், எலெக்ட்ரானிக்ஸ் எந்திரம் செய்கிற ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் ஆள். பீட்டர் லூபஸ் நடித்த வில்லி ஆர்மிட்டேஜ், கனமான பெட்டிகளைத் தூக்குகிற செட் ஊழியர். மொத்தத்தில் இது ஒரு படப்பிடிப்புக் குழு. ஒரே ஒரு ரசிகருக்காகப் படம் எடுக்கிறார்கள். அந்த ரசிகர் அதை நிஜம் என்று நம்பிவிட்டால் மிஷன் முடிந்தது.

பார்னியைப் பற்றித் தனியாகச் சொல்லணும். கறுப்பின மக்களின் வாக்குரிமையைக் காக்கும் சட்டம் அமெரிக்காவில் நிறைவேறியது 1965-ல். அதற்கு அடுத்த ஆண்டே, வாராவாரம் டிவியில், அறையிலேயே பெரிய தொழில்நுட்ப மூளை ஒரு கறுப்பினப் பொறியாளர். அதை யாரும் வசனமாகச் சொல்லிக் காட்டவில்லை. அவர் வேலையைச் செய்தார், மற்றவர்கள் அந்த வேலையை நம்பி உயிரை வைத்தார்கள். சோல்டரிங் அயர்ன் பிடித்துப் பழகினவர்களுக்கு இந்தத் தொடரின் நிஜ ஹீரோ பார்னிதான். அவர் சுவருக்குப் பின்னால், லிஃப்ட் குழிக்குள், தரைக்கு அடியில் வியர்த்துக்கொண்டு ஒயர் இணைத்துக்கொண்டு இருப்பார். முன்னால் ஷோ நடக்கும்.

இல்லாத நாட்டின் மொழி

இரும்புத் திரைக்கு அந்தப் பக்கம் நடக்கிற கதைகளை கலிஃபோர்னியாவில்தான் எடுத்தார்கள். நாடுகள் பெரும்பாலும் கற்பனை. பார்க்கிறவர்களுக்கு வெளிநாடு என்று தெரியணும், ஆங்கிலம் மட்டுமே தெரிந்தவருக்கும் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று புரியணும். இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி?

இதற்காக ஒரு போலி மொழியையே உருவாக்கினார்கள். ஆங்கிலச் சொல்லைக் கொஞ்சம் ஜெர்மன், கொஞ்சம் ஸ்லாவிய மொழி வாசனையில் திருகிவிடுவது. தடைசெய்யப்பட்ட பகுதி என்றால் "ஸோனா ரெஸ்ட்ரிக்". எந்திரக்கூடம் என்றால் "மஷினாவெர்க்கெ". செட்டில் இருந்தவர்கள் இந்த மொழிக்கு 'கெல்லரீஸ்' என்று பெயர் வைத்தார்கள். ப்ரூஸ் கெல்லர் பெயரில் ஒரு மொழி! சிரிப்பாக இருந்தாலும் இதை ஒரு அருமையான யூஐ டிசைன் என்று சொல்வேன். சப்டைட்டில் இல்லாமல், விளக்கம் இல்லாமல், அரை நொடியில் புரிந்துவிடும்.

தீக்குச்சியும் ஐந்து தாளமும்

தொடக்கக் காட்சி: ஒரு கை தீக்குச்சியை உரசித் திரியைப் பற்றவைக்கும். திரி எரிந்துகொண்டே போகும். அதன் பின்னால் அன்றைய எபிசோடின் துண்டுக் காட்சிகள் மின்னி மின்னி மறையும். வாராவாரம் அவை மாறும். கதையில் என்ன வரப்போகிறது என்று ஆரம்பத்திலேயே காட்டிவிடுகிறார்கள், ஆனால் ஒன்றும் புரியாது. ஒத்திகைக் காட்சியில் செய்கிற அதே தந்திரம்தான்.

தீக்குச்சியைப் பிடித்திருக்கிற கை யாருடையது தெரியுமா? ப்ரூஸ் கெல்லருடையது. தலைப்பில் இருக்கிற கை அதுதான்.

இசை லாலோ ஷிஃப்ரின். ஆர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரஸில் பிறந்தவர், ஜாஸ் பியானோ கலைஞர். தலைப்புக்காக அவர் முதலில் எழுதியது வேறு டியூன். பைலட்டில் ஓர் ஆக்‌ஷன் காட்சிக்காக அவர் போட்டிருந்த துண்டைக் கேட்ட கெல்லர், "இதுதான் தீம்" என்று அதைத் தூக்கி முன்னால் வைத்துவிட்டார்.

மேற்கத்தியப் பாட்டு பெரும்பாலும் நாலு எண்ணிக்கையில் போகும். இது ஐந்து. நம் லயக் கணக்கில் பாதியாகப் பிரித்து எண்ணினால் மொத்தம் பத்து: மூன்று, மூன்று, இரண்டு, இரண்டு. அதனால்தான் ஆரம்பத்தில் தகிட, தகிட, தக, தக என்று தட்டச் சொன்னேன். முதல் இரண்டு அடி நீளம், அடுத்த இரண்டு குறுகல். ஒவ்வொரு சுற்றிலும் கடைசியில் தரை கொஞ்சம் சுருங்கி நம்மைத் தள்ளிவிடுகிற மாதிரி இருக்கும். நாலில் முடிகிற பாட்டு உட்கார இடம் கொடுக்கும். இது கொடுக்காது. எரிகிற திரிக்கு இதைவிடப் பொருத்தமான தாளம் எது?

இன்னொரு பொருத்தமும் இருக்கு. தந்தி மோர்ஸ் குறியீட்டில் 'எம்' எழுத்து இரண்டு நீளக் கோடு, 'ஐ' எழுத்து இரண்டு புள்ளி. நீளம், நீளம், குறுகல், குறுகல். தொடரின் இரண்டு முதலெழுத்துகள்!

1996 படத்துக்காக யூ2 குழுவின் ஆடம் கிளேட்டனும் லேரி மல்லனும் இதை மறுபடி வாசித்தபோது, பெரும்பகுதியை நாலு எண்ணிக்கைக்கு மாற்றினார்கள். கிளப்பில் ஆட வசதி. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்க, எது பதற்றம் என்று உங்களுக்கே தெரியும்.

முகமூடி, நிஜ உளவாளி

முகத்தில் இருந்து ரப்பர் தோலை உரித்து இன்னொரு முகமாக மாறுகிற காட்சி இந்தத் தொடரில்தான் அடையாளமாக மாறியது. செய்யும் விதம் எளிமை. உரிக்க ஆரம்பிக்கும்போது ஒரு நடிகர், கழுத்தில் லேடெக்ஸ் மடிப்பு. கை இழுக்கும்போது ஒரு வெட்டு. அடுத்த ஷாட்டில் இன்னொரு நடிகர், கையில் காலி முகமூடி. நம் கண்தான் நடுவில் இருக்கிற இடைவெளியை ஒட்டிவிடுகிறது.

தொடருக்காக ஒப்பனை வேலை செய்தவர்களில் ஒருவர் ஜான் சேம்பர்ஸ். பிளானட் ஆஃப் தி ஏப்ஸ் படத்தில் குரங்கு முகங்களைச் செய்து சிறப்பு ஆஸ்கர் வாங்கியவர். இதே சேம்பர்ஸ் நிஜ சிஐஏவுக்கும் ரகசியமாக உதவினார். 1980-ல் டெஹ்ரானில் சிக்கிய ஆறு அமெரிக்கத் தூதரக ஊழியர்களை, சினிமா எடுக்க வந்த குழு என்று பொய் சொல்லி வெளியே கொண்டுவந்த நடவடிக்கையில் அவருக்குப் பங்கு உண்டு. ஆர்கோ படத்தில் ஜான் குட்மேன் நடித்தது இவரைத்தான். உளவாளிகள் சினிமாக்காரர்களாக நடித்து ஆட்களை மீட்டார்கள். மிஷன் இம்பாசிபிள் எபிசோடாகவே எழுதியிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை மாலை

இப்போது விலைக் கணக்குக்கு வருவோம். முதலில் கொடுத்தவர் முதல் சீசனின் தலைவர் டான் பிரிக்ஸாக நடித்த ஸ்டீவன் ஹில். அருமையான நடிகர். மத நெறியைக் கண்டிப்பாகப் பின்பற்றுகிற யூதர். வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதற்குள் கிளம்பிவிட வேண்டும், அதற்குப் பிறகு வேலை கிடையாது. ஒப்பந்தம் போடும்போதே தெரிந்த விஷயம்தான்.

ஆனால் இந்தத் தொடரின் படப்பிடிப்பு நேரத்துக்கு முடிகிற ரகம் இல்லை. கையின் நெருக்கக் காட்சி, திருகாணியின் நெருக்கக் காட்சி, மீட்டர் முள்ளின் நெருக்கக் காட்சி என்று ஷாட்டுகளின் எண்ணிக்கை எகிறும். வெள்ளி இரவு வரை இழுக்கும். தலைவர் பாத்திரமே செட்டில் இல்லை என்றால்? அவருடைய காட்சிகளைக் குறைத்தார்கள். ஒப்பந்தத்தில் கட்டுப்பட விரும்பாமல் சிறப்புத் தோற்றமாக வந்துபோய்க்கொண்டிருந்த லேண்டாவுக்கு அந்த இடம் போனது. சீசன் முடிந்ததும் ஹில் வெளியே. இரண்டாவது சீசனில் பீட்டர் கிரேவ்ஸ், ஜிம் ஃபெல்ப்ஸ் என்கிற புதுத் தலைவராக வந்து உட்கார்ந்தார். பிரிக்ஸ் எங்கே போனார் என்று கதையில் ஒரு வார்த்தை கிடையாது. பாத்திரங்களுக்குச் சொந்த வாழ்க்கை வேண்டாம் என்கிற கெல்லரின் விதி இங்கே எவ்வளவு வசதியாக வேலை செய்தது பாருங்க. யாரை எடுத்துவிட்டு யாரைப் போட்டாலும் எந்திரம் ஓடும்.

ஹில் அதற்குப் பிறகு சுமார் பத்து ஆண்டுகள் நடிக்கவே இல்லை. 1990-ல் லா அண்ட் ஆர்டர் தொடரில் அரசு வழக்கறிஞராக வந்து, பத்து ஆண்டுகள் அசத்தினார். திறமையில் ஒரு குறையும் இருந்ததில்லை. இவருக்கு இடம் கொடுக்கிற மாதிரி அட்டவணை போடப்படவில்லை, அவ்வளவுதான்.

சுவர் இடிந்தது

இரண்டாவது விலை கொடுத்தவர் லூசில் பால். இரண்டு தொடரும் செலவில் எகிறிக்கொண்டே போயின. சின்ன ஸ்டூடியோ தாங்காது. 1967-ல் டெசிலுவை கல்ஃப் அண்ட் வெஸ்டர்ன் நிறுவனத்துக்குச் சுமார் 1.7 கோடி டாலருக்கு விற்றார். அந்த நிறுவனத்திடம்தான் பாரமவுன்ட்டும் இருந்தது. இரண்டு ஸ்டூடியோவும் பக்கத்துப் பக்கத்து வளாகம். நடுவில் இருந்த சுவரை எடுத்துவிட்டார்கள். அவர் துணிச்சலாகச் சரி என்று சொன்ன இரண்டு திட்டங்களின் நீண்ட காலப் பலன் முழுக்க வேறு கம்பெனிக்குப் போனது.

புது நிர்வாகம் கணக்குப் புத்தகத்தோடு வந்தது. தொடர் ஏற்கெனவே ஜெயித்திருந்தது. 1967, 1968 இரண்டு ஆண்டும் சிறந்த தொடருக்கான எம்மி. பார்பரா பெய்ன் தொடர்ந்து மூன்று ஆண்டு சிறந்த நடிகை. அப்படியும் மூன்றாவது சீசன் முடிவில் லேண்டாவின் சம்பளப் பேச்சு முறிந்தது. நிஜ வாழ்க்கையில் பெய்ன் அவருடைய மனைவி. இருவருமே போனார்கள். லேண்டாவின் இடத்துக்கு வந்தவர் லெனர்ட் நிமாய். அந்த நேரத்தில் ஸ்டார் ட்ரெக் ரத்தாகியிருந்தது. சுவாரஸ்யம் என்னவென்றால், நிமாய் நடித்த ஸ்பாக் பாத்திரம் தன்னிடம் முதலில் பேசப்பட்டதாக லேண்டாவே சொல்லியிருக்கிறார்.

மூன்றாவது கெல்லர். நிர்வாகத்தோடு மோதல் முற்றி, தான் உருவாக்கிய தொடரின் அன்றாடத் தயாரிப்பில் இருந்தே அவர் விலக வேண்டி வந்தது. தீக்குச்சி பிடித்த கை மட்டும் வாராவாரம் வந்துகொண்டிருந்தது.

கடைசி இரண்டு சீசனில் வெளிநாட்டுக் கதைகள் அருகிப் போய், உள்ளூர் மாஃபியா கும்பல்தான் வில்லன். வெளிநாட்டு செட், சீருடை, கெல்லரீஸ் பலகை எதுவும் தேவையில்லை, செலவு மிச்சம். ஆனால் பணம் மட்டும் காரணம் இல்லை. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலம். இன்னொரு நாட்டுக்குள் ரகசியமாக நுழைந்து ஆட்சியை மாற்றுவதை ஜாலியாகப் பார்க்கிற மனநிலை மாறிக்கொண்டிருந்தது.

இந்த இடத்தைத் தாண்டிப் போக எனக்கு மனசு வரவில்லை. தொடரில் குழு தேர்தலை மாற்றும், தலைவரைக் கவிழ்க்கும், ஐம்பது நிமிடத்தில் வேனில் ஏறிப் போய்விடும். மறுநாள் அந்த நாட்டில் என்ன ஆனது என்று காட்டியதே இல்லை. நிஜத்தில் 1953-ல் ஈரான், 1954-ல் குவாத்தமாலா என்று சிஐஏ ஆட்சிகளைக் கவிழ்த்தது. அங்கே மறுநாள் வந்தது, பல பத்தாண்டுகளுக்கு வந்துகொண்டே இருந்தது. 1975-ல் அமெரிக்க செனட்டின் சர்ச் கமிட்டி விசாரித்தபோது இப்படிப்பட்ட ரகசிய வேலைகள் பல வெளியே வந்தன. "மாட்டிக்கொண்டால் உங்களை எங்களுக்குத் தெரியாது" என்கிற வரி டிவியில் சிலிர்ப்பு. நிஜத்தில் அது பொறுப்பைத் தட்டிக்கழிக்கிற வழி. தொடரை ரசிக்கலாம், நான் ரசிக்கிறேன். எந்திரம் அழகாக ஓடுவதாலேயே அது செய்கிற வேலை சரி என்று ஆகிவிடாது. எங்கள் துறைக்காரர்களும் இதை அடிக்கடி ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டியிருக்கு.

அதற்குப் பிறகு

1973 மார்ச்சில் தொடர் முடிந்தது. 1978-ல் சான்டா பார்பரா அருகே சிறு விமானம் விழுந்து ப்ரூஸ் கெல்லர் இறந்தார். வயது 47. டாம் குரூஸ் படங்கள் எதையும் அவர் பார்க்கவில்லை.

1988-ல் ஹாலிவுட் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம். புதுக் கதை எழுத ஆள் இல்லை. பழைய தொடரின் திரைக்கதைகளைத் தூசு தட்டி, ஆஸ்திரேலியாவில் குறைந்த செலவில் மறுபடி எடுத்தார்கள். பீட்டர் கிரேவ்ஸ் திரும்பி வந்தார். பார்னியின் மகனாக நடித்தவர் ஃபில் மோரிஸ். கிரெக் மோரிஸின் சொந்த மகன்!

1996-ல் முதல் படம். அதில் ஜிம் ஃபெல்ப்ஸ்தான் துரோகி. பீட்டர் கிரேவ்ஸ் அந்த வேடத்தை ஏற்கவில்லை, ஜான் வாய்ட் நடித்தார். பழைய நடிகர்கள் பலர் வருத்தப்பட்டார்கள். கிரெக் மோரிஸ் தியேட்டரில் இருந்து பாதியில் எழுந்து போய்விட்டார். எனக்கு அவர்கள் கோபம் நியாயமாகவே படுகிறது. ஏழு சீசனும் தாங்கியது ஒரே நம்பிக்கையில்தான்: சுவருக்குப் பின்னால் ஒயர் இணைக்கிறவர், வெளியே இருக்கிறவர் தன்னைக் கைவிட மாட்டார் என்று நம்புகிறார். படம் முதல் அரை மணி நேரத்திலேயே மொத்தக் குழுவையும் காலி செய்து, ஒரே ஒரு ஹீரோவை மிச்சம் வைத்தது. கெல்லர் எதைத் தவிர்க்கத் தொடரை உருவாக்கினாரோ, அதே தனி ஹீரோ கதை.

பழைய தொடரைப் பார்க்க நினைப்பவர்களுக்கு என் சிபாரிசு: பைலட் எபிசோட், அடுத்து ஆபரேஷன் ரோகோஷ், அடுத்து தி ட்ரெயின். மூன்றும் முதல் சீசன். ஒத்திகைக் காட்சி வரும்போது மொபைலைக் கீழே வையுங்க, ஒரு துண்டை விட்டால் பின்னால் புரியாது. பார்த்துவிட்டு, திட்டத்தை எந்த நிமிடத்தில் கண்டுபிடித்தீர்கள் என்று எழுதி அனுப்புங்க. இந்தத் தொடரில் எந்த வேலை உங்களுக்கு ஒத்துவரும், தலைவரா, வேஷக்காரரா, பார்னியா என்பதையும் சேர்த்து எழுதுங்க. அடுத்த எபிசோடில் வாசிக்கிறேன்.